கோட்டில் தைக்க ஒரு வாக்கியம்

டாக்டர் கோமதிநாயகம் என்னதான் சொன்னார் என்பதில் வேம்படியூர் மருத்துவக் கல்லூரியின் ஹவுஸ் சர்ஜன்களுக்குள் கைகலப்பு வராத குறை.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்து கிளம்பும் பேட்ச், தங்களுக்கு மிகவும் பிடித்த ஆசிரியருக்கு ஒரு வெள்ளைக் கோட் தைத்துப் போடும். பொன்னாடையும் கேடயமும் அப்புறம்தான். கோட்டின் இடது பைக்கு மேலே, அந்த ஆசிரியர் வார்டில் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை நீல நூலால் தைத்திருப்பார்கள். 'முதலில் பேரைக் கேள்' என்று தைத்த கோட் ஒன்று உண்டு. சிடுசிடுப்புக்குப் பேர்போன ஒரு அறுவை சிகிச்சை நிபுணருக்குப் பிள்ளைகள் 'கையை எடு' என்றே தைத்துக் கொடுத்துவிட்டார்கள். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. ரிட்டயர் ஆகும்வரை அதைத்தான் போட்டுக்கொண்டு அலைந்தார்.

இந்த வருஷம் யாருக்குக் கோட் என்பதில் போட்டியே இல்லை. மூன்றாவது மெடிக்கல் யூனிட் சீஃப் கோமதிநாயகத்துக்குத்தான். இதைப் பழைய மாணவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு காலத்தில் அவர் யூனிட்டில் போஸ்டிங் விழுந்தால் சாமிக்கு நேர்ந்துகொண்டாவது மாற்றிக்கொள்வார்கள். அவ்வளவு கறார். அதைவிடக் கொடுமை, மாஸ்க்குக்குள்ளேயே முணுமுணுப்பார். இரண்டு வருஷமாகத்தான் பிள்ளைகள் அவர் பின்னால் கோழிக்குஞ்சு மாதிரி ஓடுகிறார்கள். வயசாக வயசாக மனுஷன் கனிந்துவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் ஹாஸ்டல் மெஸ்ஸில் கூடியிருந்தார்கள். செவிமணிகளை எல்லாம் வழக்கம்போல சார்ஜ் பெட்டியில் போட்டிருந்தார்கள். செவிமணி என்பது சுண்டைக்காய் அளவு இருக்கும். ஃபேன் சத்தம், குழந்தை அழுகை, டிராலி உருளும் சத்தம் எல்லாவற்றையும் அடக்கிவிட்டு ஆசிரியரின் குரலை, விழா என்றால் மைக்கில் பேசுகிறவரின் குரலை மட்டும் தெளிவாகக் காதில் சேர்க்கும். ரவுண்ட்ஸிலும் வகுப்பிலும் விழாக்களிலும் மாணவர்கள் எல்லோரும் போட்டிருக்க வேண்டும் என்று அரசாங்கமே கொடுத்தது. ஹாஸ்டலுக்கு வந்தால் முதல் வேலை அதைக் கழற்றுவதுதான்.

"நான் சொல்றேன், எழுதிக்கோங்க," என்றான் மீரான். "'நாப்பது தாண்டினவங்க வயித்து வலின்னு வந்தா, ஈசிஜி எடுக்காம என் முன்னால வந்து நிக்காத!' இதைத் தைப்போம். இந்த ஒரு வார்த்தையாலதான் நான் டாக்டரா ஆனேன்."

அது உண்மைதான். மீரான் அதற்குப் பிறகு பல்வலி என்று வந்தவருக்குக்கூட ஈசிஜி எடுத்திருக்கிறான். வார்டில் அவனுக்கு 'ஈசிஜி மீரான்' என்றே பேர்.

செண்பகவல்லிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அவர் எங்கலே அப்படிச் சொன்னாரு? அன்னைக்கு நானும் உன் பக்கத்துலதான நின்னேன். 'முடிஞ்சா ஒரு ஈசிஜி பார்த்துக்கலாம், பதறாதீங்கம்மா'ன்னு சொன்னாரு."

"நீங்க ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா?" என்றாள் டெய்சி. "அவர் சித்தப்பா புரோட்டா தின்னுட்டு வயிறு எரியுதுன்னு சோடா குடிச்சு, கடைசில ஹார்ட் அட்டாக்ல போன கதையைத்தான சொன்னாரு? நான் அதைக் கேட்டு வார்டுன்னும் பார்க்காம சிரிச்சேனே."

"சித்தப்பாவா? எந்தச் சித்தப்பா?"

ஒரே நாள், ஒரே படுக்கை, ஒரே சீஃப். ஆளுக்கு ஒரு பேச்சு. இன்னொருவன் எழுந்து, சீஃப் அன்று இதயத்தின் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாக விளக்கினார் என்று சத்தியம் செய்தான். வேறு வேறு நாட்களை எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் இதே கதை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின மாதிரி ஆயிற்று.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்," என்று டெய்சி கையை விரித்தாள். "ஏ செண்பகா, நாளைக்கு மேடையில பேசப்போறது நீதான். ஏதாவது ஒண்ணைத் தேர்ந்து நீயே டெய்லர்கிட்ட சொல்லிரு. ஆளை விடு."

எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். செண்பகாவால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை.

போன வருஷம், அந்த ரவுண்ட்ஸ் முடிந்த சில நாட்களில், முத்துமாரி என்று ஒரு அம்மா வந்தாள். வயசு நாற்பதுக்கு மேல். தீப்பெட்டி ஆபீசில் வேலை. மேல்வயிற்று வலி, வாந்தி, வியர்வை. காலையில் இருந்து சாப்பிடவில்லை என்றாள். வாயுவாக இருக்கும் என்று செண்பகா ஒரு ஊசியைப் போட்டாள். ஈசிஜி எடுக்கலாமா என்று நினைக்காமல் இல்லை. மிஷின் பக்கத்து வார்டில் இருந்தது. 'முடிஞ்சா' என்றுதானே சீஃப் சொன்னார்? கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று விட்டாள். கூட்டம் குறைவதற்குள் முத்துமாரி போய்விட்டாள். வயிற்று வலி இல்லை, மாரடைப்பு.

அன்று செண்பகா மூட்டையைக் கட்டிவிட்டாள். படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று இருந்தவளை நிறுத்தியது சீஃப் சொன்ன ஒரே ஒரு பேச்சுதான். காலியான படுக்கை பக்கத்தில் வந்து நின்று, "உன் தப்பு இல்லம்மா. யார் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க" என்றார். அவள் அழுதுகொண்டே கைகூப்பி நன்றி சொன்னாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறாள். கோட்டில் அதையே தைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கூட்டத்துக்கே வந்தாள்.

மீரான் கேட்டதுதான் உண்மை என்றால், முத்துமாரியைக் கொன்றது யார்? 'உன் தப்பு இல்லம்மா' என்று அவர் சொன்னதுதானா, அதுவும் சித்தப்பா புரோட்டா தின்ற கதைதானா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவளுக்கு. சீஃபுக்கும் அவர்கள் எல்லோருக்கும் நடுவில் இருந்தது செவிமணி ஒன்றுதான்.

காலையில் முதல் வேலையாக ஞானதுரையைத் தேடிப் போனாள். ஆஸ்பத்திரியின் கருவிகளை எல்லாம் பராமரிக்கும் இன்ஜினியர் அவர். ஒரு வென்டிலேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, எந்த ஸ்குரூ எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, செவிமணி நாங்க கேக்குற பேச்சை மாத்துமா?"

"மாத்தாம?" என்றார் அவர், நிமிராமலே. "அதுக்குத்தானம்மா அது. சத்தத்தைக் கூட்டுறதுக்கு மட்டும்னா ஒரு மைக் போதாதா? உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"இல்லையே!"

"டாக்டர்மார் கூட்டத்துல சொன்னோம். அவங்க ஓடுற ஓட்டத்துல யார் காதுல விழுந்துச்சோ." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "காதுல இருக்கும்போதே அது உங்க நாடியைப் பார்த்துக்கிட்டே இருக்கும். பயந்த பிள்ளைக்குத் திட்டைக் குறைக்கும். தூங்குற பையனுக்குக் கொஞ்சம் கூட்டும். கதை பிடிக்கும்னா கதையா கொடுக்கும். சொல்ற விஷயம் மாறாது, சொல்ற விதம்தான் மாறும். குரல் அவர் குரலாவே இருக்கும். எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கீங்களா, வாயசைவும் தெரியாது."

"விஷயம் மாறாதுன்னா, கேள்வி கேட்டா?"

ஞானதுரை தயங்கினார். "கேள்வின்னா... கேள்விதான் பெரிய பாடு. எந்தப் பிள்ளையா இருந்தாலும் கேள்வின்னு வந்ததும் நாடி எகிறிருது. அதனால அது கேள்வியை விட்டுட்டு, பதிலை மட்டும் அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி சொல்லிரும். நாடி ஏறக் கூடாதுன்னுதான் அதுக்கு உத்தரவு."

"அது சொல்ற பதில் சரிதானான்னு யாருண்ணே பார்க்கிறது?"

"மொத்தத்துல சரியாத்தான் இருக்கும்மா."

"மொத்தத்துலயா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "பேசினதெல்லாம் எங்கேயாவது இருக்குமா? நான் கேட்கணும்."

"எதையும் சேர்த்து வைக்கிறதில்ல. நோயாளிங்க விஷயமெல்லாம் வருதுல்லா." அவள் முகத்தைப் பார்த்து அவருக்கும் என்னவோ போல் ஆயிற்று. "டாக்டர், உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இது வர்றதுக்கு முன்னால ரவுண்ட்ஸ்ல வாங்கின திட்டுக்கு ஹாஸ்டல் மாடியில இருந்து குதிச்ச பிள்ளையை நான் தூக்கிட்டுப் போயிருக்கேன். இது வந்த பிறகு அப்படி ஒண்ணுகூட இல்ல. அதையும் சேர்த்து யோசிச்சுக்கோங்க."

அவளால் யோசிக்கத்தான் முடியவில்லை. மாடியில் இருந்து குதிக்காதவர்களில் தானும் ஒருத்தியோ என்று தோன்றியது. காதில் இருந்ததைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

சீஃப் ஓ.பி. முடித்துவிட்டுத் தன் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாஸ்க் இல்லாமல் அவரை அவள் பார்த்ததே குறைவு. எதிர்பார்த்ததைவிட வயதானவராக, கொஞ்சம் கூச்சப்படுகிறவராகத் தெரிந்தார்.

"வாம்மா. சாயங்காலம் நீதான் பேசுறியாமே?" குரல் அதேதான், ஆனால் அவள் ஒரு வருஷமாகக் கேட்ட தெளிவு அதில் இல்லை. பாதி வார்த்தைகள் தொண்டைக்குள்ளேயே நின்றன. "அதிகம் புகழாத. எனக்குக் கையைக் காலை எங்க வைக்கிறதுன்னு தெரியாது."

"சார், முத்துமாரின்னு ஒரு பேஷண்ட். போன வருஷம். அன்னைக்கு நீங்க எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நீயே வந்து கேட்கிறியே, அதுவரைக்கும் சந்தோஷம்," என்றார். "'தப்பு எங்கே நடந்தது? யோசிச்சு நாளைக்கு வந்து சொல்லு'ன்னேன். நீ கைகூப்பி, 'ரொம்ப தேங்க்ஸ் சார்'ன்ன. எனக்கு ஒண்ணும் விளங்கல. வீட்டுக்குப் போய் எங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன், கேள்வி கேட்டா ஒரு பொண்ணு கும்பிடுறான்னு. மறுநாள் நீ வருவேன்னு பார்த்தேன். அடுத்த நாளும் பார்த்தேன்."

செண்பகா நாற்காலியைக் கேட்காமலே இழுத்து உட்கார்ந்தாள். "அதுக்கு முன்னால ரவுண்ட்ஸ்ல... வயித்து வலின்னா ஈசிஜி எடுக்கணும்னு சொன்னீங்களா சார்?"

"நான் எதையும் அப்படி எடுத்துச் சொல்ல மாட்டேன்மா. சொன்னா மறந்துரும், தேடினா நிக்கும். 'நாப்பது தாண்டின பொம்பளைக்கு மேல்வயித்து வலின்னா, எதைப் பார்க்காம விட்டா உயிர் போகும்?' இப்படித்தான் கேட்டிருப்பேன். கேட்டுட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருவேன். பதிலோட வர்றவங்களுக்குத்தான் மேற்கொண்டு பாடம். முப்பது வருஷமா அதான் என் வழக்கம்."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மெஸ்ஸில் நடந்த சண்டை, ஞானதுரை சொன்னது, முடிஞ்சா என்கிற வார்த்தை, உன் தப்பு இல்லம்மா என்கிற வார்த்தை. சொல்லச் சொல்ல அவர் டிபன் பாக்ஸை மெதுவாக மூடினார். அவரிடம் இருந்து எதைப் பறிக்கிறோம் என்பது அவளுக்குப் பாதியில்தான் உறைத்தது. அதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"அப்போ பிள்ளைங்களுக்குப் பிடிச்சது என்னை இல்ல," என்றார்.

"சார்..."

"ரெண்டு வருஷமா நானும் குழம்பிப் போய்த்தான் இருந்தேன். கேள்வி கேட்டா சிரிக்கிறாங்க. வாசல்ல நின்னு வணக்கம் சொல்றாங்க. பொறந்தநாளுக்குக் கேக் வெட்டினாங்க. சரி, இப்பத்தான் எனக்குப் பாடம் நடத்த வந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியைத் தேடுவது போலத் தேடி, பேன்ட் போட்டிருப்பது நினைவுக்கு வந்து, கைக்குட்டையால் துடைத்தார். "ஒரு பதிலும் வரலேன்னு எனக்குத் தெரியும்மா. தெரியாம இல்ல. ஏன் வரலேன்னு நான் கேட்டிருக்கணும். அந்தக் கும்பிடு பிடிச்சிருந்துச்சு. கேட்காம விட்டுட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் கேட்டது நிஜமாவே உன் காதுல விழுந்திருந்தா," என்றார் அவர், "என்ன பண்ணியிருப்ப?"

"ஊருக்குப் போயிருப்பேன் சார். இல்ல, ஒருவேளை பதிலோட வந்திருப்பேன். தெரியல."

"எனக்கும் தெரியல." அவர் எழுந்து, மாஸ்க்கை எடுத்தார், போடவில்லை. "தப்பு எங்கே நடந்தது? உங்கிட்டயா, எங்கிட்டயா, அந்தச் சுண்டைக்காய்கிட்டயா? யோசிச்சு, நாளைக்கு வந்து சொல்லு."

இந்த முறை அவள் கைகூப்பவில்லை. சரி சார் என்று மட்டும் சொன்னாள்.

நேராக டெய்லர் கடைக்குப் போனாள். கோட் தயாராக, பையின் மேலே வெறுமையாகத் தொங்கியது. "இப்ப வந்து சொன்னா எப்படிம்மா?" என்று சலித்துக்கொண்டே டெய்லர் நீல நூலைக் கோத்தார். என்ன தைக்க வேண்டும் என்று கேட்டபோது ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "இதைப் போயா வாத்தியாருக்குத் தைப்பாங்க?" என்றார். ஆனாலும் தைத்தார்.

விழா ஆரம்பித்துவிட்டிருந்தது. முன்வரிசையில் டீனும் ஆசிரியர்களும். பின்னால் ஹால் நிறைய மாணவர்கள். கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு செண்பகா மைக் முன்னால் போய் நின்றாள். பாராட்டுரை என்று நினைத்து எல்லோரும் முகத்தை மலர்த்தி வைத்திருந்தார்கள்.

அவள் பாராட்டவில்லை. முத்துமாரி என்ற பேரில் இருந்து ஆரம்பித்தாள். மிஷின் பக்கத்து வார்டில் இருந்ததையும் தான் போகாததையும் சொன்னாள். "நாம யாரும் சீஃபோட பேச்சை ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. நம்ம காதுல இருக்கிற இந்த மணி அவரோட கேள்வியை எல்லாம் தின்னுட்டு, நமக்குப் பிடிச்சதைக் கொடுத்திருக்கு. அதை நம்பி நான் ஒரு உயிரைப் போக விட்டுட்டேன். இன்னும் எத்தனை பேர் எதை நம்பி என்ன செஞ்சீங்களோ, எனக்குத் தெரியாது. பயமா இருக்கு." சொல்லும்போதே குரல் உடைந்தது.

முன்வரிசையில் முகங்கள் வெளிறிப்போயின. டீன் பாதி எழுந்துவிட்டார். கோமதிநாயகம் தலையைக் குனிந்திருந்தார்.

பின்னால் இருந்து கைதட்டல் வெடித்தது.

ஹால் முழுக்க எழுந்து நின்று தட்டியது. சிரித்த முகம், கசிந்த கண். டெய்சி இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கலகம் செய்கிறார்கள் என்று டீன் நினைத்துவிட்டார். "என்னய்யா இது, என்ன நடக்குது?" என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து உலுக்கினார். அவருக்கும் தெரியவில்லை. ஒரு உயிர் போன கதையைச் சொன்னால் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று செண்பகாவுக்கும் ஒரு கணம் புரியவில்லை.

பிறகு புரிந்தது. மைக்கில் பேசுகிற எதுவும் செவிமணி வழியாகத்தான் அவர்களுக்குப் போகும். இந்த ஒன்றை அவள் மறந்துபோனாள். வாயசைவையும் மைக் மறைத்திருந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் அவரவருக்குப் பிடித்த ஒரு பாராட்டுரையை, அவள் குரலிலேயே கேட்டு முடித்திருந்தார்கள்.

மீரான் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு ஓடிவந்தான். கோட்டைப் போர்த்தும் பொறுப்பு அவனுடையது. "எப்படிப் பேசிட்ட! அந்த முத்துமாரி அம்மா பிழைச்சு வந்து சீஃப் காலைத் தொட்டதைச் சொன்னியே, என்னால தாங்க முடியல," என்றான்.

அவள் கோட்டை அவனிடம் கொடுத்தாள். அவன் அதை விரித்து சீஃபின் தோளில் போட்டான். அவர் கைகளை நுழைத்துக்கொண்டு, குனிந்து தன் மார்பைப் படித்தார். பையின் மேலே நீல நூலில், 'தப்பு எங்கே நடந்தது?' என்று இருந்தது. அவர் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, ஹாலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

முன்னால் நின்ற மாணவர்கள் படித்தார்கள். கைதட்டல் அங்கிருந்து குறையத் தொடங்கியது. எழுத்தை மாற்றுவதற்குக் காதில் இருக்கும் மணியால் முடியாது.

மீரானும் படித்தான். இன்னொரு தரம் படித்தான். "இதை சார் எப்பச் சொன்னாரு? நான் கேட்டதே இல்லையே. திட்டுற மாதிரில்லா இருக்கு?"

"காதுல இருக்கிறதைக் கழட்டு," என்றாள் செண்பகா.

"எதுக்கு?"

"கழட்டு, சொல்றேன்."

அவன் கழற்றினான். ஃபேன்களின் இரைச்சலும் டீனின் கத்தலும் நாற்காலிகள் உரசும் சத்தமும் ஒரே சமயத்தில் தாக்க, காது கூசியவன்போல நின்றான். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் நடந்ததைத் திரும்பச் சொன்னாள், இந்தத் தடவை முத்துமாரி பிழைக்கவில்லை. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவன் கழுத்தில் நாடி துடிப்பது அவளுக்கே தெரிந்தது.

"அப்போ நான் படிச்சதெல்லாம்? இத்தனை பேருக்கு நான் கொடுத்த மருந்தெல்லாம்? எது சார் சொன்னது, எது இது சொன்னது?" உள்ளங்கையில் இருந்த மணியைத் தேளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "பயமா இருக்கு செண்பகா."

"எனக்கும்தான்," என்றாள் அவள். "யோசிச்சு, நாளைக்கு வந்து சொல்லு."